பெயருக்கு முன்னால் ஒரு சொல்

கிள்ளானில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த அந்தப் பழைய வீட்டுக்கு லோஜினி வந்து சேர்ந்தபோது புழுக்கம் தாங்கவில்லை. மழை வருவதுபோல இருந்து வராமல் நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே குமாஸ்தாக்களுக்காகக் கட்டிய வீடு. உயரமான கூரை, மரச் சன்னல்கள். கூடத்தின் தரை மட்டும் எந்நேரமும் கழுவி விட்டதுபோல ஈரம் பூத்திருந்தது. கணினிப் பையைத் தோளில் மாட்டியபடி அவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"உள்ள கொண்டா லா. வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும்," என்றார் குணேஸ்வரி.

"நாயையே காணோமே ஆன்டி."

"செருப்பு காணாமப் போனப்புறம் நாயைத் தேடுவியா?"

குணேஸ்வரி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணக் குடும்பங்களில் யாராவது இறந்தால் மரண அறிவித்தல் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. முன்பு துண்டுப் பிரசுரமாக அச்சடித்துக் கொடுத்தார், இப்போது வலைத்தளத்தில் போடுகிறார். அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு லிஃப்டில் சவப்பெட்டி நுழையாது. அவர்களுக்காகக் கூடத்தையும் வாடகைக்கு விடுவார். பெட்டி வைக்கும் இடம் எது என்று லோஜினி கேட்கவில்லை. தரையில் ஒரு நீள்சதுரம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுத்திருந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

வலைத்தளத்தின் தோற்ற வார்ப்பை, 'தீம்' என்பார்களே, அதை மாற்றியமைத்துக் கொடுப்பது லோஜினியின் வேலை. எங்கோ யாரோ செய்து வைத்த ஆயத்தச் சட்டையைப் பிரித்து, இந்த உடம்புக்குத் தைத்துக் கொடுப்பது. பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டில் இருந்தபடியே செய்யலாம். ஆனால் அவளுடைய தம்பி பிரகலாதன், போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலைக்குப் போனவன், டெங்கிக் காய்ச்சலில் இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவமனையில் கிடந்தான். பார்வை நேரங்களுக்கு இடையில் எங்காவது உட்கார வேண்டும். அப்பா இல்லை. அம்மா கௌசலாவுக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. இருப்பது தம்பி ஒருவன்தான்.

"அறிவித்தலில் செத்தவர் பேர் பெரிசில்ல," என்றார் குணேஸ்வரி. "சொந்தக்காரங்க பேர்தான் பெரிசு. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர். அதுல முன்னாடியே போனவங்க பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு போடணும். அது தப்பா விழுந்துச்சுன்னா சண்டை சுடுகாடு வரைக்கும் வரும்."

"எப்படி ஆன்டி தெரிஞ்சுக்குவீங்க?"

"ஒவ்வொரு பேருக்கும் போன் போடுவேன். இருக்காரான்னு கேப்பேன். இல்லைன்னு ஒரு வாய் சொன்னப்புறம்தான் அந்தச் சொல்லை வைப்பேன்."

லோஜினி சிரித்தாள். "அவ்வளவு சிரமம் வேண்டாம். இருக்கிறவங்களுக்கு ஒரு டிக் போட்டுடுங்க. டிக் இல்லாட்டி அந்தச் சொல் தானா விழுந்துடும்."

"சும்மா விட்டா செத்தவங்களா?"

"கம்ப்யூட்டருக்கு எப்படி வேணும்னாலும் சொல்லலாம் ஆன்டி. இது சுலபம்."

"சுலபம்தான்," என்றார் குணேஸ்வரி. பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார். வெகுநேரம் அங்கிருந்து பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

டிக் பற்றிய அந்த நிபந்தனையைக் கணினியில் எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்க ஒரு குடும்பம் தேவைப்பட்டது. அடுத்தவர் வீட்டுப் பெயர்களைத் தொட அவளுக்கு மனமில்லை. அதனால் தன் அப்பா வல்லிபுரத்தின் பழைய அறிவித்தலை எடுத்தாள். அவர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தவர், அதில் பாவம் ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். கௌசலாவின் அன்புக் கணவரும், லோஜினி, பிரகலாதன் ஆகியோரின் பாசமிகு தந்தையும், இராமலிங்கத்தின் அன்பு மைத்துனரும். எல்லோர் பெயருக்கும் எதிரே டிக் போட்டாள். பக்கத்தைத் திறந்தாள்.

'காலஞ்சென்ற இராமலிங்கத்தின் அன்பு மைத்துனரும்' என்று வந்தது.

டிக் இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். சொல் போகவில்லை. சேமித்து வைத்த பழைய பக்கத்தைக் காட்டுகிறதோ என்று அதையெல்லாம் துடைத்தாள். போகவில்லை. 'மாமா கேட்டா உதைப்பார்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கணினியை மூடினாள்.

வார்டுக்குப் போகும் வழியில் அம்மா அழைத்தார். செலாயாங் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த இராமலிங்கம் மாமா, பையைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

லோஜினி நடைபாதையிலேயே நின்றாள். எந்த நேரத்தில் என்று கேட்க வாயெடுத்தாள்.

கேட்கவில்லை.

மறுநாள் மாமாவின் காரியத்துக்கு அவள் போகவில்லை. பிரகலாதனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. டெங்கியில் காய்ச்சல் விடும்போதுதான் பயப்பட வேண்டும் என்று வார்டில் சொல்லியிருந்தார்கள். மதியப் பார்வை நேரத்தில் அவன் கண்ணைத் திறந்து, "மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கே? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டான். அவன் கையில் ஊசி போட்ட இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். அவள் அந்த வீட்டுக்கு வந்தாள். குணேஸ்வரி ஒரு குவளை மைலோவை மேசையில் வைத்தார். கணினியைத் திறக்க வேண்டாம் என்று மனம் சொன்னது. திறக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பக்கம் மெதுவாகத் திறந்தது.

'லோஜினி, காலஞ்சென்ற பிரகலாதன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்.'

வெளியே இடி இடித்தது. மதியம் சட்டென்று அந்தியாகிவிட்டது. சன்னல் வழியே நனைந்த பூவின் வாடை உள்ளே வந்தது. தோட்டத்தில் பூ இல்லை. மாலையைக் கழற்றித் தண்ணீரில் போட்டு மறந்துவிட்டால் வருகிற வாடை அது.

அவள் தம்பிக்கு அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்தது.

"அக்கா."

"எப்படி இருக்கே?"

"குளிருதுலா. ஏர்கான் போட்டாங்க போல."

"நர்ஸைக் கூப்பிடு. போனை வைக்காதே, ஸ்பீக்கர்ல போட்டுட்டுத் தலையணைல வெச்சுக்கோ. பேச வேண்டாம். சும்மா இரு."

"என்னத்துக்கு?"

"சும்மாதான்டா."

தன் போனையும் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வார்டின் சத்தம் வந்தது. யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. எல்லாவற்றுக்கும் அருகில் அவன் மூச்சு.

அதைக் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடங்கினாள். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம்தான். பிடித்துக்கொண்டு என்ன செய்வது? பிழை இங்கே இருந்தது.

வெளியிலிருந்து சேர்த்த துணைக் கருவிகளை எல்லாம் அணைத்தாள். சொல் இருந்தது. தான் எழுதிய நிபந்தனையை முழுக்க வெட்டி எறிந்தாள். சொல் இருந்தது. பிழைகளைப் பதிவு செய்யும் வசதியைத் திறந்து பார்த்தாள். பிழை எந்த வரியில் என்று அது காட்டியது. அந்தக் கோப்பு அவ்வளவு நீளமே இல்லை. அதன் கடைசி வரிக்கு வெகு தூரம் தள்ளி, ஒன்றும் எழுதப்படாத இடத்தில் பிழை இருந்தது.

அந்தச் சொல்லைத் தளத்தின் எல்லாக் கோப்புகளிலும் தேடினாள்.

எங்கும் இல்லை.

அவள் எழுதிய ஒரே இடத்தையும் அவளே வெட்டியாகிவிட்டது. ஆனாலும் திரையில், தம்பியின் பெயருக்கு முன்னால், அது கறுப்பாகத் தெளிவாக நின்றது.

தலையணையில் கிடந்த போனில் மூச்சு தடுமாறிற்று.

"பிரகா?"

"அக்கா... குளிருது."

நர்ஸின் குரல் கேட்டது. ரத்த அழுத்தம் இறங்குகிறது, டாக்டரைக் கூப்பிடு என்று மலாயில் யாரிடமோ சொன்னார். காலடிகள் ஓடின. லோஜினி பட்டியலிலிருந்து பிரகலாதன் என்ற பெயரையே தூக்கிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தாள்.

'லோஜினி, காலஞ்சென்ற' என்று வந்தது. அதன் பின்னால் ஒன்றுமில்லை.

போனில் மூச்சு நின்றது.

இருமலும் சக்கரமும் கேட்டுக்கொண்டிருந்தன. நடுவில் இருந்த அது மட்டும் இல்லை. அவள் விரல்கள் எழுத்துகளைத் தப்பும் தவறுமாக அடித்தன. அழித்தாள், மறுபடி அடித்தாள். பெயர் திரும்பி வந்ததும், தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவன் மாதிரி அவன் ஒரு மூச்சை இழுத்தது கேட்டது.

லோஜினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தை மொத்தமாக அழித்துவிடும் எண்ணம் அதோடு போயிற்று.

ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. சொல் பெயரைத் தேடி வரவில்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் வரிசையில் இரண்டாவது இடம். அங்கே யார் நின்றாலும் அது அவர்கள் முன்னால் நிற்கும்.

அவள் யோசிக்கவில்லை. பிரகலாதனை முதலாவதாக இழுத்து வைத்து, தன் பெயரை இரண்டாவதாக இறக்கினாள்.

'பிரகலாதன், காலஞ்சென்ற லோஜினி.'

முதலில் கால்விரல்கள் போயின. பிறகு முழங்கால். வலியே இல்லை, யாரோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு மேலே வருவதுபோல. மழைச் சத்தம் தொலைவுக்குப் போயிற்று. கூடத்தின் வெளுத்த நீள்சதுரத்தில் யாரோ பாய் விரித்துத் தட்டுவதுபோல ஒரு ஓசை.

தட்டி, ஓரத்தைச் சரிசெய்து, காத்திருக்கும் ஓசை.

"அக்கா," என்றது போன். தெளிவான குரல். "குளிர் விட்டுடுச்சு. பசிக்குதுலா."

அதுவே போதும் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொள்ளலாம். அப்போது அம்மாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. மாடியில் அந்த அம்மா. தேற மாதக்கணக்கு ஆகப்போகிற இந்தப் பையன். இருவருக்கும் யார் கஞ்சி வைப்பது? சாக வேண்டும் என்று அவளுக்கு ஆசையும் இல்லை. அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொண்டபோது வெட்கமாக இருந்தது.

"ஐயோ பிள்ளை, உதடெல்லாம் நீலமா இருக்கு!" குணேஸ்வரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு திரையைப் பார்த்தார். அவர் கை தோளிலிருந்து நழுவியது.

"யாரைக் கேட்டு இதை வெச்சே?" என்றார் கிசுகிசுப்பாக.

"யாரையும் கேக்கலை ஆன்டி."

"இதுக்குத்தான் லா நான் ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுக் கேப்பேன். உனக்கு அது சிரமமாத் தெரிஞ்சுது." அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன அவருக்கு. "எடு. அதை எடு."

"எடுக்க முடியலை. யாராவது ஒருத்தர் அங்க நிக்கணும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குணேஸ்வரி ஓர் எட்டு பின்னால் நகர்ந்தார். அப்படி நகர்ந்ததற்காக லோஜினியால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த ஒரு நொடியில் அவளும் குணேஸ்வரியின் பெயரைத்தான் நினைத்திருந்தாள்.

இடுப்புக்கு மேலே குளிர் ஏறிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர். பிறந்தே இராத ஒருவர். சோதனைக்குப் பொய்ப் பெயர் போடுவது அவள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். தெரிந்தவர்களை எல்லாம் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடம், கோயில், அப்பா பக்கம், அம்மா பக்கம். யாருக்கும் இல்லாத ஒரு பெயரை எடுத்தாள். மரத்துப்போன விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். இரண்டாவது இடத்தில் வைத்துப் புதுப்பித்தாள்.

'பிரகலாதன், காலஞ்சென்ற மலர்விழி, லோஜினி ஆகியோரின் பாசமிகு தந்தையும்.'

கால்களில் ரத்தம் சுரீரென்று இறங்கியது. மழை மறுபடி பக்கத்தில் கேட்டது. குணேஸ்வரி நாற்காலியில் விழுந்து, தலையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு இது?"

"யாரும் இல்லை ஆன்டி. சும்மா ஒரு பேர்."

"சும்மா ஒரு பேர்," என்று அவர் திருப்பிச் சொன்னார். கூடத்தில் பாய் தட்டும் ஓசை நின்றிருந்தது.

லோஜினி போனை எடுத்துக் காதில் வைத்தாள். தம்பியின் மூச்சு சீராக வந்தது. ஏறி, இறங்கி, ஏறி. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

அதோடு சேர்ந்து இன்னொரு மூச்சு.

"பிரகா, பக்கத்துல யாரு? டாக்டர் வந்துட்டாரா?"

"வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. பிரஷர் ஏறிடுச்சாம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "கால்மாட்டுல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு அக்கா."

"நர்ஸா?"

"இல்லலா. தலையெல்லாம் நனைஞ்சிருக்கு. மழைல வந்துச்சு போல." தலையணையில் போன் உரசும் சத்தம் கேட்டது. "அக்கா, அதுக்கு உன் மூக்கு."

டாக்டர்களே வியக்கும்படி பிரகலாதன் தேறினான். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்ன அன்று நல்ல வெயில். பளிச்சென்று கண் கூசும் காலை. வார்டில் சேலைக்காரிகளும் தலையில் துடோங் முக்காடு அணிந்தவர்களும் பழப்பைகளோடு நடந்துகொண்டிருந்தார்கள். இந்த வெளிச்சத்தில் நடந்ததை எல்லாம் காய்ச்சல்காரனின் உளறல், தூங்காதவளின் பிரமை என்று எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அன்று மழையில் வந்த அந்தப் பெண்ணைப் பற்றி அவனும் அதன்பின் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. குணேஸ்வரி வேலையை அத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார். சோதனைப் பக்கத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று லோஜினி கெஞ்சிக் கேட்டிருந்தாள். "நான் ஏன் தொடுறேன்? அந்தப் பக்கமே நான் போறதில்ல," என்றார் அவர்.

மருத்துவமனை வாசலுக்குத் தன் சின்னக் காரைக் கொண்டுவந்து, முன் கதவைத் திறந்து பிடித்தாள். அவன் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"முன்னாடி வாடா. காலை நீட்டிக்கலாம்."

"பரவால்ல அக்கா. அவளுக்குப் பின்னாடி உட்கார்ந்தா மயக்கம் வருமாம்."

திறந்த கதவைப் பிடித்தபடி அவள் நின்றாள். பின்னால் ஒரு டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார். "போங்க அக்கா, போங்க," என்று கையை ஆட்டினார். அவள் கதவைச் சாத்தினாள். ஏனோ ஒரு கணம் பொறுத்துத்தான் சாத்தினாள்.

கார் நெடுஞ்சாலைக்கு ஏறியது. ஏர்கானை அணைத்தாள். குளிர் குறையவில்லை.

"அக்கா."

"ம்."

"எங்க கிட்ட ஏன் இவளைப் பத்திச் சொல்லவே இல்லை?"

"யாரும் இல்லைடா. அப்படி யாருமே இல்லை."

"அப்படிச் சொல்லாதே. அழுவுறா." கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. மெலிந்து, சாந்தமாக, காலியான முன் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

லோஜினி சாலையை மட்டும் பார்த்தாள். லோரிகள் கடந்து போயின.

"பேர் வெச்ச அன்னிக்கே ஏன் என்னைக் கொன்னேன்னு கேக்குறா."

அவன் உயிருக்காக என்று சொல்லலாம். அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? தன் உயிருக்காகவும்தான் என்பதை யாரிடம் சொல்வது?

அப்போது கார் கூவத் தொடங்கியது. முன்னால் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்றால் வருகிற அந்தச் சத்தம். டிங், டிங் என்று விடாமல். சிவப்பு விளக்கு மின்னியது. இருக்கையில் பை இல்லை, போன் இல்லை, ஒன்றுமே இல்லை.

"போட்டு விடு அக்கா," என்றான் பிரகலாதன் மெதுவாக. "அவளுக்குத் தெரியாதுல்ல. இதுவரைக்கும் எங்கயும் போனதில்ல."

பிரிக்பீல்ட்ஸ் நெருங்கியதும் ஒரு சிக்னலில் காரை நிறுத்தினாள். எட்டிக் கையை நீட்டி அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்தாள். வெறும் இருக்கையின் மேல் அது தட்டையாக விழவில்லை. நடுவில் எதன் மேலோ ஏறி, வளைந்து நின்றது. அதை மாட்டினாள்.

சத்தம் நின்றது.

பச்சை விளக்கு விழுந்தும் அவள் காரை எடுக்கவில்லை. பக்கத்து இருக்கையில் அந்த பெல்ட் மெல்ல உயர்ந்து, தாழ்ந்து, மறுபடி உயர்ந்தது.